வில்லேந்திய கை இசை வரைந்த கதை

கச்சேரி மேடையிலே பாடகருக்குக் கிடைக்கும் கைதட்டல் ஒரு வகை. பக்கவாத்தியக்காரருக்குக் கிடைக்கும் கைதட்டல் வேறொரு வகை. முன்னையவர் இராகத்தை விரிக்கிறார். பின்னையவர் அவரைத் தொடர்கிறார். தொடர்ந்து செல்லும் அந்தக் கையினுள்ளே தனக்கென்று ஓர் இராகம் ஊறிக்கொண்டிருக்கலாம் என்பதை அவையிலிருக்கும் நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மேனாட்டுச் சங்கீதத்திலே இத்தகைய இடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்த வாத்தியம் செல்லோ. மேதைகள் பலர் அதற்கெனத் தனி உருப்படிகள் இயற்றியிருக்கின்றனர் என்பது உண்மையே. எனினும், வாத்தியக் குழுவிலே அதன் அன்றாடப் பணி கீழ்ச் சுரங்களில் நின்று ஏனைய வாத்தியங்களைத் தாங்கிக் கொடுப்பதாகும். அந்தச் செல்லோவை ஐந்து வயதிலே கையிலெடுத்த ஒரு பெண், பிறருடைய இசைக்கு வில்லிழுத்து வந்த நிலையிலிருந்து வளர்ந்து, தமது இசையை உலகம் செவிசாய்த்துக் கேட்கும் நிலையை எய்திய வரலாற்றையே இன்று வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

அவர் பெயர் ஹில்டுர் குட்னடோட்டிர். உச்சரிக்கச் சிறிது கடினமான பெயர்தான். ஆயினும் அதன் பொருளை அறிந்தால் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஐஸ்லாந்து நாட்டிலே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது. தந்தையின் பெயருடன் 'மகன்' அல்லது 'மகள்' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்வதே அங்கு வழக்கம். 'குட்னடோட்டிர்' என்றால் 'குட்னியின் மகள்' என்று பொருள். தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகத் தாங்கும் நம்மவருக்கு இது விளங்காத முறையன்று. ஐஸ்லாந்து மக்கள் ஒருவரையொருவர் சொந்தப் பெயராலேயே அழைப்பர். ஆகவே நாமும் அவரை ஹில்டுர் என்றே அழைப்போம்.

தாய் தெரிந்த வாத்தியம்

1982-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4-ஆம் திகதி ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக்கிலே ஹில்டுர் பிறந்தார். வளர்ந்தது அண்மையிலுள்ள ஹாப்னார்பியோர்தூர் என்னும் துறைமுக நகரிலே. தாயார் இசைநாடகப் பாடகி. தந்தையார் கிளாரினெற் வாத்தியக்காரரும் இசையமைப்பாளருமாவார். இசை குடிகொண்டிருந்த இல்லம் அது எனின் மிகையாகாது.

மகளுக்கு உகந்த வாத்தியம் செல்லோவே என்று தீர்மானித்தவர் தாயார். செல்லோவை வயலினுக்குத் தமையன் என்று சொல்லலாம். உருவம் ஒன்றே, அளவுதான் பன்மடங்கு பெரியது. அதனைத் தோளிலே தாங்க இயலாது. ஆசனத்தில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அடியிலுள்ள உலோக முளையை நிலத்தில் ஊன்றி வாசிக்கவேண்டும். நான்கு தந்திகள், வலக்கையிலே வில். வாத்தியத்தின் உடல் வாசிப்பவருடைய நெஞ்சோடு சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு சுரத்தின் அதிர்வும் நேரே மார்பிலே வந்து தட்டும். அதன் ஒலியும் மனிதக் குரலுக்கு மிக நெருங்கியது. கனத்த ஆண்குரலில் தொடங்கிப் பெண்குரலின் உயரம்வரை அது செல்லும். ஒரு பாடகி தம் குழந்தைக்கு இவ்வாத்தியத்தைத் தெரிந்தெடுத்ததில் வியப்பில்லை.

பத்து வயதிலே ஹில்டுர் முதன்முதலாக ஊதியம் பெற்று வாசித்தார். இடம் பெரிய சபாமண்டபமன்று; ஓர் உணவுச்சாலை. தாயார் பாட, மகள் பக்கத்திலிருந்து செல்லோ வாசித்தாள். இந்தச் சிறு காட்சியை வாசகர்கள் மனத்திலிருத்திக்கொள்ளல் வேண்டும். குரலும் செல்லோவும் அருகருகே நின்ற அந்த நாளின் சாயலைப் பின்னாளில் அவர் இயற்றிய இசை பலவற்றிலும் நாம் கேட்கின்றோம்.

ரெய்க்யாவிக் இசைக் கல்லூரியிலும், பின்னர் ஐஸ்லாந்துக் கலைக் கழகத்திலும், அதன்பின் ஜேர்மனியிலே பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்திலும் அவர் பயின்றார். செல்லோ வாசிப்போடு இசை இயற்றும் முறையும், ஒலியை மின்கருவிகளால் பதிந்து உருமாற்றும் புதிய கலையும் அவருடைய கல்வியிலே இடம்பெற்றன.

தனிமையிலே பிறந்த தொகுப்பு

செல்லோ வாசிப்போர் இசை இயற்றுவது உலகிற்குப் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டிலே இத்தாலியரான பொக்கெரினி அவ்வாறு புகழ்பெற்றார். 19-ஆம் நூற்றாண்டிலே ஒபன்பாக் பாரிஸ் நகரின் வாத்தியக் குழுவொன்றிலே செல்லோ வாசித்திருந்து, பின்னர் நகைச்சுவை இசைநாடகங்களால் அந்நகரையே ஆட்டி வைத்தார். 20-ஆம் நூற்றாண்டிலே பிரேசில் நாட்டு வில்லா லோபோஸ் எட்டுச் செல்லோக்களையும் ஒரு பெண்குரலையும் சேர்த்து இயற்றிய உருப்படி இன்றும் அரங்குகளில் ஒலிக்கின்றது. ஆனால் இவர்கள் யாவரும் ஆடவர் என்பதையும் கவனிக்கவேண்டும். செல்லோவை முழங்கால்களுக்கிடையே வைத்து வாசித்தல் பெண்களுக்கு அழகன்று என ஐரோப்பியச் சமுதாயம் கருதிய காலமும் ஒன்றிருந்தது.

ஹில்டுர் தம் இளமையில் பல இசைக் குழுக்களோடு சேர்ந்து வாசித்தார். ஐஸ்லாந்தின் 'மூம்' என்னும் குழு அவற்றுள் ஒன்று. கூட்டத்தோடு வாசிப்பதில் இன்பமும் உண்டு, பயிற்சியும் உண்டு. ஆனால் பலரோடு கலந்து நிற்கையிலே தன் குரல் எது என்பது தனக்கே கேளாமற் போவதும் உண்டு. 2006-ஆம் ஆண்டிலே அவர் தமது முதலாவது தனித் தொகுப்பை வெளியிட்டார். அதிலே வந்த வாத்தியங்கள் எல்லாவற்றையும் தாமே வாசித்தார்.

2009-இல் அடுத்த தொகுப்பு வெளிவந்தது. 2012-இல் வெளிவந்த தொகுப்பின் பெயர் 'ஒளிக்கு இடங்கொடு' என்னும் பொருளுடையது. அதனை இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்திலே, செல்லோவும் தம் குரலும் மாத்திரம் துணையாக, ஒரே அமர்விலே பதிவு செய்தார். பின்னர் அதிலே வெட்டுதலோ ஒட்டுதலோ செய்யவில்லை. 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பிற்கு 'ஒன்றாக' என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டினார். ஒன்றாகச் சேர்ந்தவை அவருடைய குரலும் செல்லோவுந்தான். உணவுச்சாலையிலே தாயும் மகளுமாக நின்ற இரண்டு ஒலிகள் இப்போது ஒருவரிடத்திலேயே கூடின.

இத்தொகுப்புக்கள் இலட்சக்கணக்கில் விற்பனையானவையல்ல. நாடகமேடைக்கும் ஆட்டத்திற்கும் எழுதிய இசையும் அவ்வாறே. ஆனால், எவரும் கேளாதபோதும் எழுதிக்கொண்டிருந்த இவ்வாண்டுகளிலேதான் அவருடைய நடை உறுதிப்பட்டது.

நண்பரின் நிழலும் ஒளியும்

இக்காலத்திலே திரைப்பட உலகிற்கு அவரை அழைத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர் யோகான் யோகான்சன். அவரும் ஐஸ்லாந்து நாட்டவர்; புகழ்பெற்ற இசையமைப்பாளர்; பெர்லினிலே வாழ்ந்தவர். 2015-இல் வெளிவந்த 'சிகாரியோ', 2016-இல் வெளிவந்த 'அரைவல்' முதலிய படங்களுக்கு யோகான்சன் இசையமைத்தபோது, அவற்றிலே ஒலித்த செல்லோ ஹில்டுருடையது. படத்தின் முகப்பிலே ஒளிர்ந்த பெயர் நண்பருடையது. வில் இவருடையது.

இடையிடையே அவர் தாமாகவும் படங்களுக்கு இசையமைத்தார். 2012-ஆம் ஆண்டில் கடற்கொள்ளையரிடம் சிக்கிய கப்பலொன்றைப் பற்றிய டென்மார்க்குப் படத்திற்கும், 2016-இல் ஓர் ஐஸ்லாந்துப் படத்திற்கும் அவருடைய இசை அமைந்தது. 2018-இல் 'மரிய மக்தலேனா' பற்றிய படத்திற்கு யோகான்சனும் ஹில்டுரும் கூட்டாக இசை எழுதினர். பக்கத்திலிருந்து வாசித்தவர் சமமாக அமர்ந்து எழுதும் நிலையை அடைந்தார்.

அப்படம் திரைக்கு வருமுன்னரே இடி விழுந்தது. 2018-ஆம் ஆண்டு பெப்ரவரி 9-ஆம் திகதி யோகான்சன் பெர்லினிலே காலமானார். வயது 48. வழிகாட்டியும் தோழருமாயிருந்தவர் மறைந்தார். 'சிகாரியோ'வின் தொடர்ச்சியாக எடுக்கப்பட்ட படத்திற்கு, அவர் முன்னர் இருந்த இடத்தில், ஹில்டுர் இசையமைத்தார். இனி மறைந்து நிற்க மரமில்லை, நிழலும் இல்லை.

அணு உலையே வாத்தியமாயிற்று

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் திகதி, அக்காலச் சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த உக்ரேனிலே, செர்னோபில் அணுமின் நிலையத்தின் உலையொன்று வெடித்ததை வாசகர்கள் அறிவார்கள். அவ்விபத்தைச் சித்திரித்த ஐந்து பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் 2019-இல் வெளிவந்தது. இசை ஹில்டுருடையது.

இங்கே அவர் எதிர்ப்பட்ட சிக்கல் பெரியது. கதிரியக்கம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேளாது, மணமும் அற்றது. காணாத எமனுக்கு எந்த வாத்தியத்தை வாசிப்பது? சோக வயலின்களை அழவைப்பது எளிது. அவரோ அந்த எளிய வழியை நாடவில்லை. லித்துவேனியா நாட்டிலே இக்னாலினா என்னுமிடத்தில், செர்னோபில் உலையின் வகையையே சேர்ந்த அணுமின் நிலையம் ஒன்றுண்டு. அது 2009-ஆம் ஆண்டின் இறுதியிலே மூடப்பட்டது. தொடரின் காட்சிகள் சில அங்குப் படமாக்கப்பட்டன. ஹில்டுர் அங்கே சென்றார். இயற்கை ஒலிகளைப் பதிவதில் பேர்போன கிறிஸ் வொட்சன் என்பவரும் உடன் சென்றார். பாதுகாப்பு உடையணிந்து, சுவர்களின் அதிர்வையும், இயந்திரங்களின் முணுமுணுப்பையும், மண்டபங்களின் எதிரொலியையும் மணிக்கணக்காகப் பதிவு செய்தனர்.

அந்த ஒலிகளே பின்னர் இசையாயின. அவற்றோடு கலந்த மனித ஒலி ஹில்டுருடைய குரல். 'கதவு' என்றும் 'பம்பு அறை' என்றும் அவ்விசைத் தொகுப்பின் பகுதிகள் சில பெயர் பெற்றிருப்பதைக் கண்டால், அவர் வாத்தியங்களை எங்கிருந்து எடுத்தார் என்பது விளங்கும். கதவொன்று முனகுவதைக் கேட்டு அதிலே சுரத்தைக் காண்பதற்குத் தனிச் செவி வேண்டும். தந்தியின் அதிர்வை ஐந்து வயதிலிருந்தே நெஞ்சினால் கேட்டுப் பழகியவரிடம் அச்செவி இருந்தது. இத்தொடருக்காக 2019-இல் எம்மி விருதும், 2020-இல் கிராமி விருதும் அவரைச் சேர்ந்தன.

படத்திற்கு முன்னே வந்த இசை

அதே 2019-ஆம் ஆண்டிலேதான் 'ஜோக்கர்' படமும் வெளிவந்தது. ஏழ்மையிலும் ஏளனத்திலும் அமிழ்ந்த ஒருவன் கொடியவனாக மாறுவதைக் கூறும் கதை அது. சிறுவர் பார்க்கத் தக்கதன்று என்பதைப் பெற்றோருக்கு இங்கே குறிப்பிட்டுவிடுகின்றோம்.

திரைப்படத்துக்கு இசையமைப்பது எப்போது? படம் எடுத்து முடிந்தபின் அதனைப் பார்த்துக்கொண்டு எழுதுவதே பெரும்பான்மையான வழக்கம். இங்கோ நெறியாளர் ரொட் பிலிப்ஸ் கதைவசனப் பிரதியை முன்கூட்டியே ஹில்டுரிடம் கொடுத்து, வாசித்தபின் மனத்தில் எழுவதை எழுதும்படி கேட்டார். அவர் செல்லோவை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். கதைநாயகனின் உள்ளத்தைத் தேடிச் சுரங்களைத் துழாவினார். உரிய சுரங்கள் அகப்பட்ட கணத்திலே நெஞ்சில் ஏதோ வந்து தாக்கியது போலிருந்ததெனப் பின்னர் அவரே கூறியிருக்கின்றார்.

படப்பிடிப்பின்போது ஒரு காட்சியிலே தடை ஏற்பட்டது. கொலை புரிந்த நாயகன் ஓடிவந்து ஒரு கழிவறையினுள் ஒளிகின்றான். அடுத்து அவன் செய்யவேண்டியது என்ன? பிரதியில் எழுதியிருந்தது நெறியாளருக்கும் நடிகர் ஹோக்கின் பீனிக்ஸுக்கும் திருப்தி தரவில்லை. அப்போது நெறியாளர், ஹில்டுர் அனுப்பியிருந்த செல்லோ இசையை ஒலிக்கச் செய்தார். அதைக் கேட்ட நடிகர் மெல்ல ஆடத் தொடங்கினார். கால் நகர்ந்தது; கை விரிந்தது; ஒடுங்கிக் கிடந்த மனிதன் வேறொருவனாக நிமிர்ந்தான். படத்தின் உயிர்நிலையாகப் பலரும் போற்றும் காட்சி அவ்வாறு பிறந்தது. காட்சிக்கு இசை துணைபோகவில்லை. இசைக்குக் காட்சி துணைபோயிற்று. பக்கவாத்தியம் முன்னே வர, பாடகர் பின்தொடர்ந்தார் என்று சொல்லலாமல்லவா?

அவ்விசையின் அமைப்பும் நாம் சிந்திக்கத்தக்கது. ஆரம்பத்திலே காதில் விழுவது தனிச் செல்லோ மாத்திரமே. உண்மையிலோ அதன் பின்னே பெரியதொரு வாத்தியக் குழு ஒளிந்திருக்கின்றது. அது மிக மெல்லிதாக வாசிப்பதால் நாம் அதனை உணர்வதில்லை. கதை வளர வளர அக்குழு மெல்ல மெல்ல மேலெழுந்து, ஈற்றிலே செல்லோவை விழுங்குமளவிற்குப் பெருகுகின்றது. நாயகனின் உள்ளே மறைந்திருந்த இருள் வெளிப்படுவதும் அவ்வாறே. இந்த இசையிலே 'ஹல்டோரபோன்' என்னும் வாத்தியமும் சேர்கின்றது. ஐஸ்லாந்துக் கலைஞர் ஹல்டோர் உல்பார்சன் செய்த செல்லோ போன்ற மின்வாத்தியம் அது. வாசிக்கும் தந்திகளுக்குத் துணையாகத் தாமே அதிரும் தந்திகளும் அதிலே உண்டு. தந்தியின் ஒலி மின்னாற் பெருக்கப்பட்டு, வாத்தியத்தின் உடலிலுள்ள ஒலிபெருக்கி வழியாக மீண்டும் தந்தியையே வந்து அதிரச் செய்யும். தன் குரலைத் தானே கேட்டு மேலும் பாடும் வாத்தியம் என்று அதனைச் சொல்லலாம்.

ஒஸ்கார் இரவு

2020-ஆம் ஆண்டு ஜனவரியிலே 'கோல்டன் குளோப்' விருது கிடைத்தது. அவ்விசை விருதைத் தனித்து வென்ற முதற் பெண் அவரே. பெப்ரவரி 2-ஆம் திகதி பிரித்தானியாவின் 'பாப்டா' விருதும் வந்தது. பின்னர், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஒஸ்கார் விழா.

அன்று போட்டியிலிருந்த ஏனைய நால்வரும் திரையிசையின் முதுபெரும் புலவர்கள். அவர்களுள் ஜோன் வில்லியம்ஸ் பெயர் குறிக்கப்பட்டது 52-ஆவது தடவை. ஹில்டுருக்கோ அது முதலாவது தடவை. ஐந்து படங்களின் இசைப் பகுதிகளையும் மேடையிலே வாத்தியக் குழு வாசித்தபோது, அதனை நடத்தியவர் அயர்லாந்துப் பெண்மணியான ஈமர் நூன். ஒஸ்கார் விழாவிலே வாத்தியக் குழுவை ஒரு பெண் நடத்தியது அதுவே முதன்முறை. உறை திறக்கப்பட்டது, ஹில்டுரின் பெயர் அழைக்கப்பட்டது. அவருக்கு முன்னர் இசை இயற்றலுக்கான ஒஸ்கார் விருதின் பல்வேறு பிரிவுகளிலே மூன்று பெண்கள் வென்றிருந்தனர். பிரிவுகள் யாவும் ஒன்றாக்கப்பட்ட பின்னர் வென்ற முதற் பெண் இவர். ஒஸ்கார் பெற்ற முதல் ஐஸ்லாந்து நாட்டவரும் இவரே.

மேடையிலே அவர் பேசியது சில வார்த்தைகளே. தம் உள்ளத்திலே இசை ஊறுவதைக் கேட்கும் சிறுமியரும், மகளிரும், தாய்மாரும், புதல்வியரும் வாய்திறந்து பேசவேண்டுமென்றும், அவர்களுடைய குரல் உலகிற்குத் தேவையென்றும் வேண்டிக்கொண்டார். அன்றைய திகதி பெப்ரவரி 9. யோகான்சன் மறைந்து சரியாக இரண்டு ஆண்டுகள் நிறைவெய்திய நாள் அது.

விருதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 'ஜோக்கர்' இசைக்கு 2021-இல் கிராமி விருது கிடைத்தது. 2022-ஆம் ஆண்டிலே ஓர் இசை நடத்துநர் பெண்மணியின் கதையாகிய 'ரார்' படத்திற்கும், துன்புற்ற பெண்கள் கூடி முடிவெடுப்பதைக் கூறும் 'விமன் ரோக்கிங்' படத்திற்கும் இசையமைத்தார். பின்னைய படத்திலே முன்னின்றது கித்தார். பழகிய வாத்தியத்தை ஒதுக்கி வைக்கவும் இயற்றுநர் அறிந்திருக்கவேண்டுமன்றோ! 2024-இல் 'ஜோக்கர்' கதையின் இரண்டாம் படத்திற்கும் அவரே இசை எழுதினார்.

நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது

ஐந்து வயதிலே வில்லெடுத்தவர் 2006-ஆம் ஆண்டிலே முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். ஒஸ்கார் விருது கிட்டியபோது வயது 37. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி பிறருக்குத் துணையாக வாசித்ததிலும், சிலரே கேட்ட இசையை எழுதியதிலும் கழிந்தது. அதனை வீண் என்று சொல்ல இயலுமா? பிறருடைய இசையினுள்ளே அமர்ந்து கேட்டமையாலேயே, தமது இசையை எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்பதை அவர் அறிந்தார். பக்கவாத்தியம் ஓர் இழிந்த நிலையன்று. அது ஒரு குருகுலம். ஆனால் குருகுலத்திலேயே ஆயுள் முழுவதையும் கழித்துவிட வேண்டும் என்பது விதியன்று.

நம் இல்லங்களிலும் பெண்பிள்ளைகள் வீணையும் வயலினும் பயில்கின்றனர். பரீட்சைகளில் தேறுகின்றனர். பாடசாலை விழாக்களில் வாசிக்கின்றனர். பின்னர் உத்தியோகமும் திருமணமும் வருகின்றன. வாத்தியம் உறையினுள்ளே போகின்றது. உறை அலுமாரியின் மேலே போகின்றது. அவர்கள் கற்றது முன்னோர் இயற்றியவற்றைப் பிழையின்றி வாசிப்பதற்கு. அது பெரிய பேறே. அதனைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆயினும், நீயும் ஒன்றை இயற்றலாம் என்று அவர்களிடம் எவரேனும் சொன்னதுண்டா?

சில வேளைகளில் மாலைப் பயிற்சி முடிந்தபின், ஆசிரியை கற்பிக்காத ஏதோவொன்றைப் பிள்ளை தனியே வாசித்துக்கொண்டிருக்கக் கேட்கின்றோம். "பாடத்தைப் படி, விளையாடாதே" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கின்றோம். அடுத்த முறை அவ்வாறு கேட்டால், அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு, அருகே சென்று அமர்ந்து, "இப்போது வாசித்தாயே, அதை மறுபடி ஒருமுறை வாசி, பிள்ளை" என்று சொல்லிப் பார்ப்போம். அதற்குப் பொருட்செலவு ஒன்றும் இல்லை.